பவுடர், தாலிக்கொடி, மமோகிராம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024 ஒக்டோபர் முதல், 40 வயதைத் தொட்ட பெண்களும் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே மார்பகப் புற்றுநோயைத் தேடும் மமோகிராம் என்ற எக்ஸ்றே படப் பரிசோதனைக்குத் தாங்களாகவே நேரம் குறிக்கலாம். 74 வயது வரை பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஓஹிப் (மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி) அட்டை இருந்தால் கட்டணமில்லை. இவ்வளவையும் தமிழில் பெயர்த்து அச்சடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிழை. எங்கள் பெண்கள் கேட்பது வேறு.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகேன் போகவேணும்?" ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் படம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியும் இதில் தெரியக்கூடும். குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை என்பதும் காப்பு அல்ல. இந்நோய் வந்த பெண்களில் பெரும்பாலானோர் அப்படிப்பட்டவர்களே. மார்பில் கட்டியோ, மார்புக் காம்பில் கசிவோ இருந்தால் இந்த வரிசையில் நிற்காதீர்கள். உடனே வைத்தியரிடம் போங்கள். அதற்குரிய சோதனை வேறு.

என்ன உடுப்பது? சேலையைவிடச் சட்டையும் பாவாடையும் வசதி, மேலே மட்டும் கழற்றினால் போதும். குளித்த பிறகு பவுடரோ வாசனைப் பூச்சோ வேண்டாம். அக்குளில் படிந்த பவுடர், படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் விழும். நோயின் தொடக்கமும் சிலவேளை அப்படிப் புள்ளியாகவே தெரியும் என்பதால், திரும்பவும் படம் எடுக்க நேரிடும். சங்கிலியும் படத்தை மறைக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லையென்றால் முதுகுப்பக்கம் தள்ளிவிடலாமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஒவ்வொரு மார்பையும் இரு தட்டுகளுக்கிடையே சில விநாடி அழுத்தி, வழக்கமாக மொத்தம் நான்கு படங்கள் எடுப்பார்கள். அழுத்தினால்தான் தசை பரந்து, மறைந்திருப்பது தெரியும்; கதிரும் குறைவாகப் போதும். நோகும்தான். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் நோவு குறையும்.

மொழிபெயர்க்க மகனையோ மருமகனையோ கூட்டிப்போகாதீர்கள். காம்பில் கசிவு என்று எந்தத் தாய் மகன் முன்னால் சொல்வாள்? நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைப்பவர்களும் பெண்களைத் தனியாக இருத்துங்கள். ஆண்கள் இருக்கும் இடத்தில் ஒரு கேள்வியும் வராது. ஆனால் காரோட்டிக் கூட்டிச் செல்லும் கணவர்மாருக்கும் தனியே சொல்லத்தான் வேண்டும்.

படம் எடுத்த பின் மீண்டும் கூப்பிட்டால் பலர் பயந்துபோய் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. வேறு இடத்தில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் அதைச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

சமூக சுகாதாரக் கல்விப் பணியாளர்கள்,
ஸ்காபரோ