சார்ல்ஸ்டனில் எதைத் தள்ளுவது?

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இனி நாலு பேரோடு நிம்மதியாக உட்கார்ந்து ஆடலாம்.

சார்ல்ஸ்டனில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் வேண்டாத காய்களை மும்மூன்றாக மற்றவர்களுக்குத் தள்ளும் கட்டத்தில், எதைத் தள்ளுவது என்று கேட்டிருக்கிறாய். நீ ஆடுவது அமெரிக்க மாஜாங், காய் சேர்க்கும் ஆட்டம். நேஷனல் மாஜாங் லீக் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டையில் உள்ள கைதான், அதாவது காய்ச் சேர்க்கைதான், செல்லும். சீன ஆட்டம் ஆடுகிறவர்கள் சொல்லும் யோசனை பாதிக்கு மேல் இங்கே உதவாது.

ரம்மிப் பழக்கத்தை முதலில் மறந்துவிடு. ஜோக்கரை நினைத்த இடத்தில் செருக முடியாது. ஒரே காய் மூன்றோ அதற்கு மேலோ சேரும் இடத்தில்தான் அது உட்காரும், ஜோடியில் உட்காராது. ஜோடிக்காக அடுத்தவர் போட்ட காயைக் கேட்கவும் முடியாது, அந்தக் காயோடு உன் கை முடிந்தால் தவிர. 152 காய்களில் பூவும் ஜோக்கரும் எட்டெட்டு, மற்றதெல்லாம் நாலு நாலுதான். அதனால் கையில் வந்த ஜோடியைப் பிரித்துக் கொடுத்துவிடாதே. ஜோக்கரை விட்டுவிட்டு மற்றதை எண்ணிப் பார்த்துத்தான் கை தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே ஒரே கையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. அட்டையில் ஒரு பகுதியைப் பிடி, அதற்குள் இரண்டு கையாவது பார்த்து வை. இப்படி வந்திருக்கிறது என்று வை (பேம், க்ராக், டாட் மூன்றும் எண் காய்களின் இனங்கள், வடக்கு ஒரு காற்றுக் காய்): 2 பேம் இரண்டு, 4 பேம் இரண்டு, 6 க்ராக், 8 டாட், பூ இரண்டு, வடக்கு, 1 டாட், 9 பேம், 7 க்ராக், சிவப்பு டிராகன். இரட்டைப்படைப் பகுதிதான், யோசிக்கவே வேண்டாம். தள்ள ஐந்து காய் இருக்கிறது, ஆனால் எதை எதோடு சேர்த்துத் தள்ளுகிறாய் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சிவப்பு டிராகன் க்ராக்குக்கு உரியது, 7 க்ராக்கோடு அனுப்பாதே. வடக்கோடு சேர்த்தால் காற்று-டிராகன் பகுதி ஆடுகிறவருக்கு விருந்து. முதலில் வலப்பக்கம் 7 க்ராக், 9 பேம், வடக்கு. எதிரே இருப்பவருக்கு 1 டாட், சிவப்பு, புதிதாக வந்ததில் உதவாத ஒன்று. பூவைக் கொடுக்காதே, பல கைகளுக்கு அது வேண்டும். ஜோக்கரைக் கொடுக்க விதியே விடாது.

இடப்பக்கம் தள்ளும்போது மூன்று காய் தேறவில்லையா? வந்த காய்களைப் பார்க்காமலே ஒன்றோ இரண்டோ மூன்றோ அப்படியே நகர்த்திவிடு. இந்தச் சலுகை முதல் சுற்றின் கடைசித் தள்ளலான இதற்கும் இரண்டாம் சுற்றின் கடைசித் தள்ளலுக்கும் மட்டும்தான். இரண்டாம் சுற்று முதல் தள்ளலுக்கு மூன்று காய் கையிலிருந்தே போக வேண்டும். 11 காய் பொருந்திவிட்டதென்றால் முதல் சுற்றோடு நிறுத்திவிடு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பகுதி மாறுவதென்றால் சார்ல்ஸ்டன் முடிவதற்குள் மாறு. அடுத்தவர் போட்ட காயைக் கேட்டு வாங்கி ஒரு செட்டைத் திறந்து வைத்த பிறகு வழி குறுகிவிடும். அட்டையில் 'சி', அதாவது மறைவு, என்று குறித்த கைகளில் அப்படித் திறக்கவே கூடாது, கடைசிக் காயை மட்டும் கேட்டு வாங்கலாம்.

சுவரில், அதாவது எடுக்க வைத்த அடுக்கில், காய் குறைந்து, உன் கை தேறாது என்று தெரிந்தால், மற்றவரை ஜெயிக்க விடாமல் ஆடு. நீ போட்ட காயில் ஒருவர் முடித்தால் உன் கையிலிருந்து இரட்டிப்புக் காசு போகும். இப்போதுதான் விழுந்து யாரும் தொடாத காயைப் போலவே இன்னொன்று இருந்தால் அதைப் போடு. அதுவும் இல்லையென்றால் ஜோக்கரையே போட்டுவிடு. கீழே விழுந்த ஜோக்கரை யாராலும் எடுக்க முடியாது.

அன்புடன்,
சரோஜா