மாத்திரையோடு சேர்த்துத்தான் யோகா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 யோகா தினச் சிறப்புப் பக்கத்தில் சர்க்கரை, முதுகுவலி, தூக்கமின்மை எல்லாம் வந்திருந்தன. மனச்சிதைவு நோய்க்கு ஒரு வரிகூட இல்லை. பதினொரு ஆண்டுகளாக அந்த நோயோடு வாழும் ஒருவனின் தகப்பன் என்பதால் எழுதுகிறேன்.

மாத்திரையால் என் மகனுக்கு, யாரும் பேசாமலே காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் பாயைவிட்டு எழ மாட்டான். குளிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்தபடி இருப்பான். தங்கை கல்யாணத்தன்றும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உறவினர்கள் சோம்பேறி என்றார்கள், நானும் திட்டியிருக்கிறேன். இதுவும் நோயின் அறிகுறிதான், மாத்திரைக்கு இது எளிதில் கட்டுப்படாது என்று மருத்துவர் விளக்கிய பிறகே வாயை அடக்கினேன்.

யோகாவைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னவரும் அவரே. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினார். 61 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு யோகா, மற்றவர்களுக்கு உடற்பயிற்சி. நான்கு மாத முடிவில் யோகா செய்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதல். இரு பிரிவினரும் மாத்திரையை விடவில்லை.

மொட்டை மாடியில் தாடாசனம், புஜங்காசனம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி என்று தொடங்கினோம். கண்ணை மூடித் தியானம் மட்டும் இவனுக்கு வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். முதல் மாதம் நான் செய்ய, அவன் படியில் உட்கார்ந்து பார்த்தான். அடுத்த மாதம் ஒருநாள் தானே பாயை விரித்தான். இன்று பால் வாங்கி வந்து மீதிச் சில்லறையை எண்ணித் தருகிறான். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

இடையில் யோகா கற்பிக்கும் ஒருவர், "பையன் தெளிந்துவிட்டான், இனி மாத்திரை எதற்கு?" என்றார். நம்பினோம். ஐந்தாவது வாரம் நள்ளிரவில் தெருவில் ஓடியவனைப் பிடித்து வந்தோம். 23 நாள் மருத்துவமனை வாசம். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பல அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் யோகா பிரிவும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. மாதந்தோறும் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் நாளிலாவது, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் ஒரு மணி நேரம் பயிற்சி தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கூட வருபவர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். வீட்டில் தினமும் பாய் விரிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். யோகா பற்றி எழுதும்போதெல்லாம், 'மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்ற வரியைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர்
(மகனின் நலன் கருதிப் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்)