பூவை விழுங்கிய இலை

அன்புள்ள கண்ணனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சிவப்புப் பூ இலைக்குள்ளே காணாமல் போய்விட்டது, பிலிம் கெட்டுப்போனதா என்று கேட்டிருந்தாய். பிலிமுக்கு ஒன்றும் இல்லை. கறுப்பு வெள்ளை பிலிமுக்கு வெளிச்சம் எவ்வளவு என்றுதான் தெரியும், என்ன நிறம் என்று தெரியாது. பூவின் சிவப்பும் இலையின் பச்சையும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

இதற்குத்தான் ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடி. சிவப்பு ஃபில்டர் போட்டால் பூ வெளுக்கும், இலை கறுக்கும். பச்சை போட்டால் நேர்மாறு. காட்டுக்கு நான் எடுத்துப் போவது மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர். தளிரையும் முற்றிய இலையையும் அது நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் எந்த ஃபில்டரும் வெளிச்சத்தைக் குறைக்கும்: மஞ்சளுக்கு ஏறத்தாழ 1 ஸ்டாப், அடர் சிவப்புக்கு 3 ஸ்டாப். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். கேமராவில் இல்லாத தனி வெளிச்ச மீட்டரில் அளந்தால் அதை நீதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இலையெல்லாம் பனி போல வெளுத்த காட்டுப் படங்களைப் பார்த்திருப்பாய். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிக்கும் பிலிமின் வேலை. ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் 1910இலேயே அப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். பார்க்க அழகுதான், ஆனால் எல்லா இலையும் ஒரே வெள்ளையாகிவிடும். இப்போதைக்கு உனக்கு வேண்டாம்.

உச்சி வெயிலில் காட்டுக்குள் போகாதே. இலை இடுக்கு வழியே விழும் வெயில் திட்டுக்கும் பக்கத்து நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த பிலிமும் முழுசாகத் தாங்காது. மேகம் மூடிய நாள்தான் நல்ல நாள். அப்புறம், கருத்த மரப்பட்டையை மீட்டர் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதை மட்டும் அளந்தால் 2 ஸ்டாப் குறைத்து எடு, பட்டை கறுப்பாகவே விழும்.

மேகமூட்டத்தில், மரத்தடியில், ஃபில்டரும் போட்டு, சின்னச் செடி பிலிமில் அதன் நிஜ அளவுக்கே விழும்படி நெருங்கி எடுத்தால் இன்னொரு 2 ஸ்டாப் போய்விடும். ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டிவரும். அங்கே இன்னொரு சிக்கல்: நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் குறையும். மீட்டர் 10 நொடி என்று காட்டினால் ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 20 நொடி கொடுக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் முடியாது. 20 நொடி ஆடாமல் நிற்கும் பெரணியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், பாசி, மரப்பட்டை, பட்டுப்போன கட்டையில் முளைத்த காளான் இவற்றிலிருந்து தொடங்கு. ஓடாது, ஆடாது, நிறத்தை நம்பியும் இருக்காது. மேடுபள்ளமும் சொரசொரப்பும்தான் அவற்றின் அழகு, பக்கவாட்டு வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் போதும். மானையும் பறவையையும் துரத்துகிறவர்கள் டிஜிட்டலிலேயே துரத்தட்டும்.

சிலந்தி வலை எடுக்க ஆசையிருந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வலை தெரியவில்லையென்று மாவு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதே. மறைக்கிற கிளையையும் ஒடிக்காதே. ஒரு நூலால் இழுத்துக் கட்டி வைத்து, எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடு.

ஒவ்வொரு படத்துக்கும் ஃபில்டர், நேரம், அளந்த இடம் மூன்றையும் நோட்டில் குறித்து வை. அடுத்த சுருளை ஸ்கேனாக மட்டும் அனுப்பாதே, நெகட்டிவையும் சேர்த்து அனுப்பு. இலை கறுத்துப்போனால் அதற்குக் காரணம் வெளிச்சமா, ஸ்கேன் செய்தவர் கூட்டிய கான்ட்ராஸ்டா என்று அதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா