ஏற்காடு விடுதியில் ஒரு யூதச் சிறுமி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் தங்கி நான்காம் வகுப்புப் படிக்கும், மும்பையைச் சேர்ந்த யூதச் சிறுமிக்கு நான் உள்ளூர்ப் பாதுகாவலர். புனித வாரத்துக்கான சிலுவைப்பாதை (சிலுவைச் சாவை நோக்கிய இயேசுவின் பயணத்தை நினைவுகூரும் வழிபாடு) ஒத்திகை முடிந்த அன்று, உடன் படிக்கும் பிள்ளைகள் "இயேசுவைக் கொன்னது உங்க ஆளுங்கதானே" என்று கேட்டு, சாப்பாட்டு மேசையில் அவள் அருகில் உட்கார மறுத்திருக்கிறார்கள். பார்க்கப் போன என்னிடம், "நான் யாரையும் ஒண்ணும் பண்ணலையே ஆன்ட்டி" என்றவள், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாளே தவிர, அழவில்லை.

சிலுவை என்பது உரோமானியரின் தண்டனை. தீர்ப்பளித்தவர் உரோமை ஆளுநர் பிலாத்து. இயேசுவும் அவர் தாயும் முதல் சீடர்களும் யூதர்களே. இயேசு பட்ட துன்பங்களுக்கும் சாவுக்கும் அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ குற்றம் சாட்டலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் எனக்கு, அந்த அறிவிப்பு இன்னும் இம்மலை மீது ஏறி வரவில்லை என்பது பெரும் வேதனை.

பிள்ளைகள் மீது கோபமில்லை. அவர்கள் பெரியவர்களிடம் கேட்டதையே சொன்னார்கள். முறையிட்டபோது "குழந்தைகள் பேச்சு" என்று ஒதுக்கிய விடுதிக் காப்பாளர், அப்பிள்ளைகளை அழைத்து, அவள் முன்னிலையிலேயே உண்மையை விளக்க வேண்டும். ஒத்திகை நடத்தும் ஆசிரியர்களும் அடுத்த தவக்காலம் முதல் அதைப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

- ஒரு வாசகி, ஏற்காடு