ஏட்டையாவுக்கு எப்படித் தெரிந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 22 வயதில் தொடங்கியது, இப்போது 46. மாத்திரை ஒழுங்காகப் போகும்வரை வயலுக்குப் போவான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவான், என் பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருவான். மாத்திரை நின்றால் நாலைந்து நாளில் தூக்கம் போய்விடும். பிறகு யாரோ திட்டுகிற குரல்கள் காதில் கேட்கும். இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறை எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கிறது. அந்த இரண்டு இரவுகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் முறை 2019-இல். தேங்காய் வெட்டுகிற அரிவாளோடு தெருவில் நின்றான். யாரையும் நெருங்கவில்லை, தன்னைத் தாக்க ஆள் வருகிறது என்று நம்பி நின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் 100-க்குப் போன் செய்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், கைக்குழந்தை இருக்கிற வீடு. ஜீப் சைரனோடு வந்தது. முகத்துக்கு நேரே டார்ச். "கீழ போடுறா" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஏற்கெனவே குரல்கள் கேட்கிறவனுக்கு இன்னும் மூன்று குரல்கள். எது உள்ளே, எது வெளியே என்று அவனுக்கு எப்படிப் புரியும்? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லத்தி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த கையில் என் துண்டைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். மாத்திரைச் சீட்டை நீட்டிக் கெஞ்சினேன். "காலைல பாத்துக்கலாம்மா" என்றார்கள்.

இரண்டாவது முறை 2022, ஐப்பசி மழை. இந்த முறை கிணற்றுச் சுவரின்மேல் ஏறி நின்றான். வேறு வழி தெரியாமல் நானே போன் செய்தேன். ஓர் ஏட்டும் இளவயதுக் காவலர் ஒருவரும் வந்தார்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார் ஏட்டு. தொப்பியையும் லத்தியையும் கூட வந்தவரிடம் கொடுத்தார். "வீட்ல அவர என்னன்னு கூப்புடுவீங்க?" என்று என்னிடம் கேட்டார். தம்பி என்றுதான், என்றேன். பத்தடி தள்ளி, துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் ஏட்டு. உங்கள அடிக்க வரல. பேசிட்டிருக்கத்தான் வந்தேன்."

"அவனுங்க குதிக்கச் சொல்றானுங்க."

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கல தம்பி. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல?"

அதன்பிறகு வெகுநேரம் அவர் பேசவே இல்லை. நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும், தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, "டீ இருக்கா?" என்றான்.

ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு கேட்டேன்: "இதெல்லாம் டிரெய்னிங்ல சொல்லித் தருவாங்களா ஏட்டையா?" "இல்லம்மா, எங்க அக்கா மகனுக்கும் இதே சீக்கு" என்றார்.

அன்றிலிருந்து என் மனதை அறுப்பது இந்தப் பதில்தான். என் தம்பி பிழைத்தது ஏட்டையாவின் அக்கா வீட்டுத் துயரத்தால். அவருக்கு வீட்டில் தெரிந்தது மற்ற காவலர்களுக்கு வகுப்பில் தெரிய வேண்டாமா?

சட்டம் இதைச் சொல்லாமல் இல்லை. 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு, இப்படிப் போலீஸ் பாதுகாப்பில் எடுக்கப்பட்ட மனநோயாளியை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. காவலர்களுக்கு இது குறித்து அவ்வப்போது பயிற்சி தருவது அரசின் கடமை என்று 30-வது பிரிவு சொல்கிறது. 2019-இல் அந்த ஸ்டேஷனில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987-இல், கத்தியோடு நின்ற மனநோயாளி இளைஞர் ஒருவரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டே அங்கே தனிப் பயிற்சி தொடங்கியது. ரோந்துக் காவலர்களில் விருப்பப்பட்டவர்களுக்கு 40 மணி நேரம். மருத்துவர்கள் மட்டுமல்ல, நோயோடு வாழ்கிறவர்களும் குடும்பத்தாரும் வந்து பேசுவார்கள். கத்துகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துப் பார்ப்பார்கள். கூடவே இன்னொன்றையும் செய்தார்கள்: போலீஸ் அழைத்து வருகிறவரைத் திருப்பி அனுப்பாத மருத்துவமனை ஒன்றையும் ஏற்பாடு செய்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லபடியாகப் பேசி ஒருவரை வண்டியில் ஏற்றிய பிறகு, "சைக்கியாட்ரி டாக்டர் காலைலதான் வருவார்" என்று ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பி அனுப்பினால், அந்தக் காவலர் அடுத்த முறை ஏன் மெனக்கெடப் போகிறார்?

சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' தெருவில் ஆதரவின்றித் திரிகிறவர்களை மீட்கிறது. மனதார வாழ்த்துகிறேன். ஆனால் சிறு ஊர்களில், வீட்டுக்குள் நடக்கிற நெருக்கடிக்கு வருகிறவர் உள்ளூர் ஸ்டேஷனின் இரவு ரோந்துக் காவலர். பயிற்சி அவருக்குத்தான் முதலில் வேண்டும். மண்டபத்தில் அதிகாரிகளை உட்காரவைத்து ஒரு நாள் சொற்பொழிவு நடத்துவது போதாது. என்னைப் போன்றவர்களை அழையுங்கள். பஸ் செலவு நாங்களே போட்டுக்கொண்டு வருகிறோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் (அரசின் மனநல உதவித் தொலைபேசி), இரவில் எந்த மருத்துவமனை, யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் ரைட்டர் மேஜைக்கு எதிரே எழுதி ஒட்டப்பட வேண்டும். அப்புறம், இருபது மணி நேரம் பந்தோபஸ்து நின்றுவிட்டு வருகிற காவலரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவருக்குத் தூக்கம் கிடைப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

அந்த ஏட்டையா போன வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். தம்பி இந்த வாரம் மாத்திரை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறான்.

— ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்