ஆடிக்கு முன்னால் கோரையைப் பார்

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாத்தியில் மண்டிக்கிடப்பது புல் இல்லை, கோரை. தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பார், மூன்று பட்டையாகத் தட்டுப்படும். கையால் பிடுங்குவதை இன்றோடு விட்டுவிடு. தாள் மட்டும் கையோடு வரும், கறுப்புக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து நூல்வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மாப்பிள்ளை உழவு மெஷினை வாடகைக்கு எடுக்கலாம் என்றாராம், வேண்டாம் என்று சொல். தொடர் அறுந்தால் உறங்கிக்கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைத்துவிடும்.

கடப்பாரையால் மண்ணைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து, நூல்வேர் போகும் வழியிலேயே போய்க் கிழங்கைப் பொறுக்கு. மொட்டைமாடியில் நல்ல வெயிலில் சுருங்கும்வரை காயட்டும். குப்பைக்குழியில் மட்டும் போட்டுவிடாதே, எருவோடு திரும்பி வந்துவிடும். அப்புறம் வெறும் பாத்திக்குத் தண்ணீர் விட்டுப் பத்து நாள் காத்திரு. மிச்சம் இருப்பது தலைகாட்டும். இளசாக இருக்கும்போதே கிழங்கோடு எடுத்துவிடு. மூன்று நான்கு வாரம் விட்டுவைத்தால் புதுக் கிழங்கு வைத்துவிடும். கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் ரொம்ப மோசமான மூலையில் இந்தப் போகம் காய்கறி வேண்டாம், தட்டைப்பயறை நெருக்கி விதைத்துவிடு. சாரணையும் குப்பைமேனியும் வந்தால் பயப்படாதே, பூப்பதற்கு முன் பிடுங்கினால் போதும்.

இதெல்லாம் ஆடிப்பட்டத்துக்குள் முடியுமா என்று கேட்பாய். முடியும், நாற்று அதுவரை தட்டில்தானே வளரப்போகிறது! மிளகாய்க்கு 40 நாள் ஆகும், இந்த வாரமே போட்டுவிடு. கத்தரிக்கு 30, தக்காளிக்கு 25 நாள் போதும், அவற்றை ஆனியில் போடலாம். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டில் நிரப்பி, அரை நகக்கண் ஆழத்தில் விதை. முளைக்கும்வரை ஈரச்சாக்கு மூடியிருக்கட்டும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் வை. தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியால். ஈரம் தேங்கினால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு மெலிந்து நாற்று சாய்ந்துவிடும், அப்புறம் காப்பாற்ற முடியாது.

வெண்டையும் கொத்தவரையும் நாற்றுவிட வேண்டாம், ஆடியில் நேராகப் பாத்தியில் ஊன்றலாம். போன பட்டத்தில் எடுத்த மிளகாய், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். தம்பி சனிக்கிழமை சேலம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் தட்டு வாங்கி வை.

அம்மா