தட்டைப் பிரிக்காதே, ஜன்னலைத் திற

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். மஞ்சள் வெட்டு முடிந்து, வேக வைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறது. விலை ஏறட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். சொல்ல வந்த விஷயம் வேறு. போனில் பேசினால் பக்கத்தில் கவிதா இருப்பாள், உன் மாமியார் இருப்பார். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

நீ செய்தது சின்ன விஷயம் இல்லை கண்ணு. கவிதாவின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதும் அவளைச் சளி டெஸ்டுக்குக் கூட்டிப் போனாய். எத்தனையோ வீட்டில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தே மூன்று மாதம் ஓட்டிவிடுவார்கள். நீ லீவு போட்டு, அரசு மையத்தில் வரிசையில் நின்று டிபிக்கு, அதான் காசநோய்க்கு, மாத்திரை வாங்கி வந்தாய். அப்பாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் போன ஞாயிறு வீடியோவில் யாழினி ஒரு எவர்சில்வர் தட்டைத் தூக்கிக் காட்டினாள். விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. "இது அம்மா தட்டு அப்பத்தா, நான் தொடக் கூடாது" என்றாள். டம்ளரிலும் அதே புள்ளி. வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. டிபி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று எழுதுகிறேன், படி.

இருமும்போதும் தும்மும்போதும், ஏன், பேசும்போதும்கூட, பொடித் துளிகள் வெளியே வரும். பெரிய துளி கீழே விழுந்துவிடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் காய்ந்து சுருங்கிய துகள்தான் மிதக்கும், அதுவும் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்ச் சேரும். நோய் பிடிப்பது அங்கேதான். தட்டில் பட்டதும் போர்வையில் ஒட்டியதும் மறுபடி அவ்வளவு சிறிய துகளாகக் காற்றில் எழும்பாது. அதனால் தட்டு, டம்ளர், துணி, படுக்கை, பக்கெட், கழிப்பறை, ரிமோட் எதன் வழியாகவும் டிபி பரவாது. அவள் சாப்பிட்ட தட்டை மற்ற பாத்திரத்தோடு சேர்த்தே சோப்புப் போட்டு விளக்கு. துணியையும் சேர்த்தே துவைத்து வெயிலில் போடு.

பொருளைப் பிரிக்க வேண்டிய நோய்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மெட்ராஸ் ஐ வந்தால் துண்டு, தலையணை உறை, கண் மை, சொட்டு மருந்து நான்கும் தனி. வாந்தி பேதி வந்தால் குழாய்த் திருகு, ஃபிளஷ் பிடி, கதவுக் கைப்பிடி, குளியலறை மக் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத திரவ பிளீச் 20 மில்லி கலந்து துடைத்து, ஐந்து நிமிடம் ஊற விட்டுப் பிறகு கழுவணும். வாந்தி பேதி தரும் வைரஸ்கள் பலவற்றுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்புத்தான். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதே, குளோரின் வாயு கிளம்பும். அந்த நோய்க்குச் செய்வதை இந்த நோய்க்குச் செய்தால் பலன் இல்லை, வீட்டில் ஒருத்தி ஒதுங்கி உட்கார்வதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது ஜன்னலில் இருக்கிறது. உன் படுக்கையறை ஜன்னலை ஏசிக்காக அடைத்தே வைத்திருக்கிறாய். அந்த ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். ஏசியை அணை. எதிரெதிரான ஜன்னலும் கதவும் திறந்திருக்கணும். கொசு வந்தால் ஜன்னலுக்கு வலை அடி. டேபிள் ஃபேனை அவளுக்குப் பின்னால் வைத்து, காற்று அவளைக் கடந்து ஜன்னல் வழியாக வெளியே போகிற மாதிரி திருப்பு. அவள் பக்கமிருந்து குழந்தை பக்கம் வீசக் கூடாது. முதல் சில வாரம் யாழினி வேறு அறையில் படுக்கட்டும். பகலில் அம்மாவோடு இருக்கட்டும், ஜன்னல் திறந்திருந்தால் போதும்.

மாஸ்க் போட வேண்டியது கவிதா. சாதா மூன்று அடுக்கு மாஸ்க் அவள் வாயிலிருந்து வரும் துளியைத் தடுக்கும். அதையே நீ போட்டுக்கொண்டால், மிதக்கும் பொடித் துகளை அவ்வளவாகத் தடுக்காது. ஈரமானதும் மாற்றணும். சளியை வாஷ்பேசினில் துப்ப வேண்டாம். மூடி உள்ள டப்பாவில் துப்பி, கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்று. பிரிக்க வேண்டிய பொருள் என்று உண்டானால் அந்த டப்பாவும் கைக்குட்டையும்தான்.

இன்னொன்று. பெரும்பாலும் பரவுவது நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னால்தான். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அவள் இருமிக்கொண்டிருந்த நாளில் எல்லோரும் ஒரே அறையில் ஏசி போட்டுப் படுத்தீர்கள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு தட்டில் புள்ளி வந்திருக்கிறது.

1956-இல் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அவர்கள்தான். நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை ஒரு வருடம் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், வைத்தார்கள். மறு பாதிப் பேர் நெருக்கமான தங்கள் வீட்டிலேயே, குடும்பத்தோடு இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இரு பக்கத்துக் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்யலாம் என்று உலகமே மாறியது அதற்குப் பிறகுதான். உன் மாமியார் கேட்டால் இதைச் சொல்.

யாழினி விஷயம்தான் எனக்குத் தூக்கம் தரவில்லை. ஐந்து வயதுக்குள் இருப்பவள். நோய் இல்லை என்று பார்த்த பிறகு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் ஐசோனியாசிட் என்ற தடுப்பு மாத்திரை தினமும், ஆறு மாதம் கொடுக்கணும். மையத்தில் கேட்டாயா? போன மாதமும் கேட்டேன், பேச்சை மாற்றினாய். நீயும் எக்ஸ்ரே எடு. தடுப்பு மாத்திரை பெரியவர்களுக்கும் உண்டு.

கவிதா எடை எவ்வளவு? 35-லிருந்து 49 கிலோவுக்குள் என்றால் தினம் மூன்று மாத்திரை, 50-லிருந்து 64 கிலோவுக்குள் என்றால் நான்கு. மாதாமாதம் நிறுத்துப் பார்க்கச் சொல். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் மருந்து அப்படித்தான். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், நான்கு மாதம் பாக்கி இருக்கும். நிறைய பேர் மாத்திரையை விடுவது அப்போதுதான். விடக் கூடாது. ஒரு நாளும் விடக் கூடாது.

அவளைக் கடைசியில் சாப்பிட வைக்காதே. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்குச் சத்தான உணவு கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். முட்டை, பருப்பு, நிலக்கடலை அவளுக்கும் வேண்டும், உங்கள் எல்லோருக்கும் வேண்டும். அரசு மாதம் 1000 ரூபாய் போடுகிறது. அவள் பேங்க் கணக்கைப் பதிந்திருக்கிறார்களா பார். அப்பாவிடம் நாட்டுக்கோழி முட்டையும் கடலையும் கொடுத்து விடுகிறேன்.

நெயில் பாலிஷை ரிமூவர் வைத்துத் துடைத்தால் போய்விடும். ஏசி அறை ஜன்னலைத் திற. யாழினியை இந்த வாரமே மையத்துக்குக் கூட்டிப் போய், கொடுத்த மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா